மலைநாட்டுக் கடைவீதியும் வாடகைச் சீட்டும்

அட்டன் புகையிரத நிலையத்தில் இறங்கி வெளியே வருபவரின் கண்ணில் முதலிற் படுவன கடைகளே. துணிக்கடை, பலசரக்குக்கடை, நகைக்கடை, மருந்துக்கடை, சாப்பாட்டுக்கடை என ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல அவை வீதியின் இரு மருங்கும் நெருங்கி நிற்கின்றன. அக்கடைகளின் பின்புறத்தே சிறிது தூரம் நடந்தால் தேயிலைச் செடி காலில் இடறும். தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் ஏறக்குறைய இதே தோற்றந்தான். ஊர் என்பது ஒரு வீதி. வீதி என்பது இரண்டு வரிசைக் கடை. மலைச்சரிவிலே சமநிலம் அரிதாகையால் ஊர்கள் இவ்வாறு ஒடுங்கின என்பர். அது பாதி விடையே. மறுபாதி, 1840ஆம் ஆண்டில் இலங்கையில் இயற்றப்பட்ட இரண்டு கட்டளைச் சட்டங்களிலே உள்ளது.

அவ்வாண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடக்கும் நிலம் யாவும், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியவை என்றே கொள்ளப்படும் என விதித்தது. அதன் துணைகொண்டு மத்திய மலைநாட்டுக் காடுகள் அளக்கப்பட்டுத் தோட்டத் துரைமாருக்கு விற்கப்பட்டன. முதலிற் கோப்பி, 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்தபின் தேயிலை. பயிர் மாறியதேயன்றி எல்லைக்கல் பெரிதும் மாறவில்லை. மலையின் அடிமுதல் முடிவரை தோட்டம் பரந்தபோது, பாதையோரத்தே எஞ்சிய சிறு நிலத்துண்டுகளே கடைவீதி ஆயின.

அதே ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் மோசடிகளைத் தடுப்பதற்கென எழுந்தது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு நிலத்தையோ கட்டடத்தையோ குத்தகைக்கு விடுவதாயின், நொத்தாரிசு முன்னிலையிலே, இரு சாட்சிகளோடு எழுதப்பட்ட உறுதி வேண்டும். இல்லையேல் அக்குத்தகை செல்லாது என்றது அது. மாதத்துக்கு மாதம் விடும் வாடகைக்கு மட்டும் வாய்ச்சொல்லே போதும். நொத்தாரிசுக்குக் கூலியும் முத்திரைச் செலவும் கொடுக்க மனம் ஒவ்வாத கட்டட உரிமையாளரும், கொடுக்க வகையற்ற சிறு வணிகரும் எவ்வழியைக் கொண்டிருப்பர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. மாத வாடகையே வழக்கமாயிற்று. கடைக்காரர் கையில் இருந்ததெல்லாம் மாதந்தோறும் எழுதிக் கொடுக்கப்படும் ஒரு பற்றுச்சீட்டு. இருபது ஆண்டு ஒரே கூரையின் கீழ் வணிகம் செய்தவரும் சட்டத்தின் கண்ணில் ஒரு மாதத்துக்கென வந்தவரே. மலைநாட்டுக் கடைவீதியின் வரலாற்றை அந்தச் சிறு தாளின் வரலாறாகவே சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம்.

புகையிரதம் வருமுன்னர் மலைநாட்டு வணிகம் பெரும்பாலும் மாட்டின் முதுகிலும் மாட்டு வண்டியிலும் நடந்தது. பொதிமாடுகளை வரிசையாய் ஓட்டிவரும் தவளக்காரரில் முஸ்லிம் வணிகர் பலர் இருந்தனர். உப்பும் கருவாடும் துணியும் ஏறின, பாக்கும் மிளகும் இறங்கின. 1867இல் புகையிரதம் கண்டியை எட்டியது, 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் அட்டன், அடுத்த ஆண்டே நானுஓயா. இருப்புப்பாதை எங்கே வந்து நின்றதோ அங்கே வண்டிகள் கூடின; வண்டிகள் கூடிய இடத்திலே கடைகள் எழுந்தன. பத்தாண்டுக் காலம் நாவலப்பிட்டிக்கு இருந்த பெருமை, பாதை மேலே நீண்டதும் அட்டனோடு பங்கிடப்பட்டது. ஸ்கொத்லாந்து நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பெயரைத் துரைமார் இங்கே கொண்டுவந்து சூட்டினர். நம்மவர் நாக்கு அதன் முதலெழுத்தை மென்மையாக்கி அட்டன் என்று தன்னதாக்கிக் கொண்டது.

இப்புதிய வீதிகளில் வந்து கடை வைத்தோர் பல திசையினர். இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து பலசரக்கும் துணியும் விற்க வந்தோர். கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கரையோர ஊர்களின் முஸ்லிம்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சுருட்டுக் கடைக்காரர். காலி, மாத்தறைப் பக்கத்துச் சிங்கள வணிகர். பெரிய ஊர்களில் போரா, சிந்தி வணிகர். துரைமாருக்கோ வேறு கடை. நுவரெலியாவில் கார்கில்ஸ் நிறுவனத்தார் கட்டிய செங்கற் கட்டடம் இன்றும் நிற்கின்றது. தமது நிலத்தில் தமது கட்டடத்தை எழுப்பியவருக்கும், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஓர் அறையை மாத வாடகைக்குப் பிடித்தவருக்கும் இடையே இருந்த தூரம், அக்காலத்து மலைநாட்டின் சமூகத் தூரமே எனலாம்.

1888இல் அட்டனிலே ஒரு வங்கி தோன்றியது. தோட்டத் துரைமாரின் பணத்தேவைக்கென எழுந்த அவ்வங்கியின் வழித்தோன்றலே 1970இல் உருவாகி இன்று நாடெங்கும் கிளை பரப்பி நிற்கும் ஹற்றன் நஷனல் வங்கி. கடைக்காரர் கடன் தேடிச் சென்ற வாயில் வேறு. கொழும்புச் செட்டியார் தெருவிலே நாட்டுக்கோட்டை நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளே அவர்களுக்கு வங்கி. 1934இல் வெளிவந்த இலங்கை வங்கி ஆணைக்குழுவின் அறிக்கை இக்கொடுக்கல் வாங்கலை விரிவாக ஆராய்ந்தது. செட்டியார் மொத்த வணிகருக்குக் கொடுத்தார். மொத்த வணிகர் கடைக்காரருக்குச் சரக்காகக் கொடுத்தார். கடைக்காரர் தோட்டத்து மக்களுக்குக் கொப்பியில் எழுதிப் பற்றாகக் கொடுத்தார். இச்சங்கிலியின் கடைசிக் கண்ணி லயத்துக் காம்பராவிலே முடிந்தது.

தொழிலாளியின் கையில் எவ்வளவு காசு புழங்கியது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929 முதல் உயர்ந்த மலைப்பகுதித் தோட்டங்களில் நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். இருபத்தைந்து நாள் வேலை செய்த ஆணுக்கு மாதம் 13 ரூபாய் 50 சதம். அரிசியைத் தோட்டமே வரையறுத்த விலையில் கொடுத்துக் கூலியிற் கழித்துக்கொள்ளும். கழித்தது போக எஞ்சியதே கடைவீதிக்கு வரும்: மிளகாய்க்கும் கருவாட்டுக்கும் மண்ணெண்ணெய்க்கும், தீபாவளிக்கு ஒரு சேலைக்கும். பெரியகங்காணிமார் சிலர் தோட்டத்துக்குள்ளேயே கடை நடத்தினர். பெயர் பதிபவரும் கடன் எழுதுபவரும் ஒருவரே ஆனால் விலையை யார் கேட்பது? ஆகவே தோட்டக் கடையை விட்டு மூன்று நான்கு மைல் நடந்து ஊர்க் கடைக்கு வருவது, அக்காலத்துத் தொழிலாளிக்குச் சிறியதொரு விடுதலையாகவே இருந்திருக்கவேண்டும்.

அத்தொழிலாளியும் ஒரு தாளுக்குக் கட்டுப்பட்டவரே என்பதை இங்கே நினைவுகூரல் தகும். ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்தது. இத்தொழிலாளியின் கடன் தீர்க்கப்பட்டால் இவரை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுப்பது அது. துண்டின்றி வேறு தோட்டத்தில் வேலை இல்லை. 1921இல் சட்டம் அம்முறையை ஒழித்தது. லயத்துக் காம்பராவோ வேலையோடு வந்து வேலையோடு போவது. கூரை தனக்குச் சொந்தமில்லாத தொழிலாளியும், கூரை தனக்குச் சொந்தமில்லாத கடைக்காரரும் தராசுத் தட்டின் இருபுறமும் நின்று ஒருவரை ஒருவர் நம்பிக் கடன் எழுதினர். நம்பிக்கை என்று இதைப் போற்றுவாரும் உளர். எடையிலும் விலையிலும் நடந்த ஏய்ப்பைச் சொல்லித் தூற்றுவாரும் உளர். இரண்டும் ஒரே கொப்பியில் இருந்தன.

கடைவீதிக்கு வாணிபத்தின் வேறான ஒரு பயனும் இருந்தது. தோட்டம் தனியார் நிலம். அனுமதியின்றி உள்ளே அடியெடுத்து வைப்பவர் அத்துமீறியவர் ஆவார். மூட்டை சுமந்துவரும் புடவை வியாபாரிக்கு இருந்த இடம், தொழிற்சங்கம் பேச வந்தவருக்கு இல்லை. தஞ்சை மண்ணிலிருந்து வந்து இலங்கைத் தொழிலாளருக்காக உழைத்த கோ. நடேசய்யர், புடவை வியாபாரியாக வேடம் பூண்டு லயங்களுக்குள் சென்று நிலைமையைக் கண்டறிந்தார் என்பது மலையக வரலாற்றில் நிலைத்துவிட்ட செய்தி. அவர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது அதன் தலைமையிடமாக அட்டனைத் தேர்ந்தார். காரணம் வெளிப்படை. துரையின் கட்டளை செல்லாத நிலம் அந்தச் சிறு நாடா மட்டுமே. மலைநாட்டிலே ஒருவர் தம் விருப்பப்படி வாடகைக்கு எடுக்கக்கூடிய அறையும், யார் வேண்டுமாயினும் கூடி நிற்கக்கூடிய தெருவும் அங்கேதான் இருந்தன. 1936இல் அதே அட்டன் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

இரண்டாம் உலகப் போர் கடைவீதியை இரு வகையில் மாற்றியது. அரிசிப் பங்கீடும் கூட்டுறவுக் கடைகளும் வந்தன. அரிசி, சீனி போன்ற பண்டங்களில் தனி வணிகரின் பிடி தளர்ந்தது. மற்றையது வாடகை பற்றியது. 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டமும், அதன்பின் 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டமும், ஆண்டுப் பெறுமதி ஒரு வரம்புக்கு உட்பட்ட வீடுகளுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் வாடகையைக் கட்டி நிறுத்தின. வாடகை பாக்கி, கட்டடத்துக்குச் சேதம், உரிமையாளருக்கே நியாயமான தேவை, எழுத்து மூலமான சம்மதமின்றி மேல்வாடகைக்கு விடுதல் முதலிய சில காரணங்களுக்கன்றி எழுப்ப இயலாது என்றாயிற்று. ஒரு மாதத்துச் சீட்டு திடீரெனக் கோட்டையாயிற்று. நேற்றுவரை ‘மாத முடிவில் இறங்கு’ என்று சொல்லக்கூடியவராயிருந்த உரிமையாளர், இன்று நீதிமன்றத்தில் காரணம் காட்டவேண்டியவரானார்.

இதன் நன்மையை எவரும் மறுக்கார். ஆயின் கோட்டைக்கும் ஒரு விலை உண்டு. கட்டுண்ட வாடகையைக் கொண்டு கூரைத் தகரத்தை மாற்ற உரிமையாளர் முன்வரார். தமதல்லாத கூரைக்குக் கடைக்காரர் செலவிடார். மலைநாட்டு மழை இருவருக்கும் பொதுவாகப் பெய்தது. காலியாகும் கடைக்குச் சாவி கொடுக்க, கணக்கில் வராத பெருந்தொகை கேட்கும் வழக்கம் பரவியது. சட்டம் அதனைத் தடுத்ததும் உண்மை, வழக்கம் நிற்காததும் உண்மை. கடையை வேறொருவர்க்குக் கைமாற்ற விரும்பியவர் அவரை முதலிற் ‘பங்காளி’ ஆக்கினார். சிறிது காலத்தில் பழையவர் விலகுவார், பங்காளி தங்குவார். இது உண்மைக் கூட்டா, மேல்வாடகைக்குப் போர்த்திய போர்வையா என்ற கேள்வி நாட்டின் நீதிமன்றங்களுக்குப் பலமுறை வந்தது.

கூரை உறுதிப்பட்ட அதே ஆண்டுகளிலே கால் நின்ற மண் அசைந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டமும் மலைநாட்டுத் தமிழரின் பெரும்பகுதியினரை நாடற்றோர் ஆக்கின. குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் ஊரிலிருந்து தம்பியையோ மைத்துனனையோ கடைக்கு அழைத்துக்கொள்வது எளிதன்று. தற்காலிக வதிவிட அனுமதி வேண்டும், காலம் முடியப் புதுப்பிக்கவும் வேண்டும். 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. குடியுரிமையற்றவர் பெயருக்கு நிலமோ கட்டடமோ கைமாறினால், அதன் பெறுமதிக்கு ஈடான நூற்றுக்கு நூறு வரி. பத்தாயிரம் ரூபாய்க் கடையை வாங்க இருபதாயிரம் வேண்டும். வாடகைக்காரர் தம் கடையை விலைக்கு வாங்கிச் சீட்டிலிருந்து உறுதிக்கு ஏறும் வழி இவ்வாறு அவர்களுக்கு அடைபட்டது.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக் குடிகள். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதெனத் தள்ளி, 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தனர். இத்தொகைகளைக் கடைக்காரரின் கொப்பியில் வைத்துப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு பக்கமும் ஒரு குடும்பம். தலைமன்னாருக்குப் புறப்படும் வண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று அழைத்தனர். போகுமுன் ஊழியர் சேமலாப நிதிப் பணத்தோடு கடைவீதிக்கு வந்து தகரப் பெட்டியும் துணியும் பாத்திரமும் வாங்கினர். பழைய பாக்கியைத் தேடிவந்து தீர்த்துச் சென்றோர் உண்டு. தீராத பக்கங்களும் உண்டு. 1963ஆம் ஆண்டுக் கணிப்பில் ஏறத்தாழ 11 இலட்சத்து 23 ஆயிரமாயிருந்த இந்தியத் தமிழர் தொகை, 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரத்துச் சொச்சமாகக் குறைந்தது. வாடிக்கையாளர் போயினர், கடைக்காரரிலும் பலர் போயினர். விட்டுச் சென்ற கடைகளில் புதியோர் அமர்ந்தனர்.

மஸ்கெலியாவுக்கு நேர்ந்தது வேறு. சிவனொளிபாதமலைக்குப் போகும் யாத்திரிகர் மார்கழி முதல் வைகாசி வரை கடந்து செல்லும் ஊர் அது. தோட்டத்துச் சம்பளமும் யாத்திரிகர் காசும் அதன் கடைகளை வாழவைத்தன. நாட்டுக்கு மின்சாரம் வேண்டியிருந்தது. 1950இல் இலக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது; 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கம் வந்தது; மஸ்கெலியா ஓயாவை மறித்த மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1969இல் நிறைவெய்தியது. பழைய ஊர் நீருக்குள் போயிற்று. புதிய மஸ்கெலியா மேட்டில் எழுந்தது.

அரசு பொதுத் தேவைக்கு நிலம் எடுப்பது 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின்படி. அச்சட்டம் இழப்பீடு கோரும் உரித்துடையவர் யாவர் என்பதைச் சொல்லுமிடத்து உரிமையாளர், கூட்டுரிமையாளர், ஈடு பிடித்தவர், குத்தகைக்காரர் என்று வரிசைப்படுத்துகின்றது. வரிசையின் இறுதியில் ஒரு விலக்கு: மாத வாடகைக் குடியிருப்பாளர் இதில் அடங்கார். வாடகைச் சட்டம் கோட்டையாக்கிய சீட்டைக் காணிச் சட்டம் வெறுந்தாளாகவே கண்டது. இரண்டுக்கும் இடையே இரண்டே ஆண்டு. நீரின் கீழ்ப் போகும் கடைக்குச் சுவரும் கூரையும் மட்டுமா பெறுமதி? எந்தத் தோட்டத்துக் குடும்பம் எப்பொழுது வரும், யாருக்கு எவ்வளவு பற்றுக் கொடுக்கலாம் என்ற அறிவுமே அக்கடையின் முதல். அதற்கு மதிப்பீட்டாளரிடம் அளவுகோல் இல்லை. சட்டம் செய்தோர் கொடியவர் என்று நான் சொல்லேன். 1840இலிருந்து வந்த மாத வாடகை என்னும் வசதி, மலைநாட்டிலே பரம்பரைத் தொழிலின் அடித்தளமாகிவிட்டதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை என்பதே என் குறை. கோடையில் நீர்மட்டம் வெகுவாகத் தாழும் ஆண்டுகளில் பழைய ஊரின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றிலிருந்து தலைகாட்டும். மக்கள் திரளாகச் சென்று பார்ப்பர்.

1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1972இன் புதிய வாடகைச் சட்டம் பழைய காப்பைத் தொடர்ந்தது. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்து, 1979இல் பங்கீட்டு அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. கடைவீதிக்குச் சிறிது செழிப்பு. ஆனால் அதற்கு ஆயுள் குறைவாயிருந்தது. 1983 ஜூலை வன்செயலில் நுவரெலியாவின் தமிழர் கடைகள் பெருமளவு எரிந்தன. எரிந்த உடைமைகளை அவசரகால விதிகள் அரசின் பொறுப்பில் சேர்த்தன. திரும்பப் பெற விண்ணப்பிக்கவேண்டும். உரிமையாளர் தம் உறுதியோடு போனார். வாடகைக்காரரின் நிலை என்ன? கட்டடம் முற்றாக அழிந்தால் வாடகை உரிமையும் அதனோடு அழியும் என்பது நம் நாட்டில் வழங்கும் உரோம–டச்சுச் சட்டத்தின் பழைய விதி. சரக்கு போயிற்று, கொப்பி போயிற்று, பற்றுச்சீட்டுக் கட்டும் போயிற்று. இருந்தாலும் அது எதைக் காக்கும்?

இன்றைய வீதியிலே கைபேசிக் கடைகளும் ஆயத்த ஆடைக் கடைகளும் பேரங்காடிகளும் நிற்கின்றன. தோட்டத்து இளைஞர் கொழும்புக் கடைகளில் வேலைக்கு நின்று அனுப்பும் பணமும், மத்திய கிழக்கு நாடுகளில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் அனுப்பும் பணமும் அக்கடைகளுக்கு வருகின்றன. நுவரெலியாவின் கார்கில்ஸ் கட்டடத்திலே, ஒருகாலத்தில் துரைமார் வந்து நின்ற இடத்தில், கொழுந்து பறிப்பவரின் மகள் கூடையை எடுத்துக்கொண்டு நடக்கின்றாள். புதிதாகக் கடை பிடிப்பவர் ஒன்றிரண்டு ஆண்டுக்கென நொத்தாரிசு எழுதிய குத்தகையையும் பெருந்தொகை முற்பணத்தையும் எதிர்பார்த்தே வருகின்றார். 1840இல் விலக்காயிருந்த உறுதி இப்போது வழக்கமாகி வருகின்றது. ஆயின் அதன் தவணை குறுகியது. தவணை முடிய வாடகை ஏறும்.

கடைக்காரர் மட்டுமே குத்தகைக்காரர் என்றும் எண்ணவேண்டா. 1992இல் அரச தோட்டங்களின் நிருவாகம் 22 பிராந்தியக் கம்பனிகளுக்குக் கைமாறியது. பின்னர் அக்கம்பனிகளுக்கு 53 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. அது முடிவது 2045இல். வீதியின் முன்புறத்தில் இரண்டாண்டு, பின்புறத்துத் தேயிலையில் ஐம்பத்து மூன்று ஆண்டு. இரண்டுக்கும் நடுவே உள்ள லயத்தின் கடைசிக் காம்பராவிலே, சன்னலைத் திறந்து வைத்துச் சவர்க்காரமும் தீப்பெட்டியும் வெற்றிலையும் விற்கும் பெண்ணின் கையில் எத்தாளும் இல்லை.